பழைய மனையும் புதிய கூடமும்

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று எழுதியபோது, புணரியலைப் பற்றிய பாடம் ஒன்றை எழுதி அனுப்பிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். தமிழாசிரியன் ஒருவனுக்கு அஃது இலகுவான காரியம். ஆயின், கடிதத்தின் இறுதியிலே இருந்த ஒரு வாக்கியம் என் எண்ணத்தை வேறு வழியில் திருப்பிவிட்டது. கல்லூரி வளவில் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய அதிபர் மனையைத் திருத்திச் சித்திரசாலை ஆக்குவதென்றும், இடம் போதாமையால் அதன் பின்புறத்தே இருமாடிக் கட்டடம் ஒன்றைச் சேர்ப்பதென்றும் யோசனை நடைபெறுவதாகச் சங்கத்தார் குறிப்பிட்டிருந்தனர். செய்தி மகிழ்ச்சி தந்தது. கூடவே ஓர் அச்சத்தையும் தந்தது. அச்சத்தின் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். இலக்கணப் பாடத்தையும் விட்டுவிட மனமில்லை. ஆதலின் இரண்டையும் ஒருங்கே சொல்ல முயல்கின்றேன்.

நிலைமொழியும் வருமொழியும் சேரும் முறைகளை மாணவர் கற்றிருப்பர். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை; இரண்டும் தத்தம் வடிவில் நின்றன; இஃது இயல்பு. பூவும் கொடியும் சேரும்போது நடுவே ஓர் எழுத்துத் தோன்றிப் பூங்கொடி ஆகும். பொன்னும் குடமும் சேர்ந்தால் ஈறு திரிந்து பொற்குடம் ஆகும். மரமும் வேரும் சேர்ந்தால் ஈறு கெட்டு மரவேர் ஆகும். இவற்றுள் எதுவும் பிழையன்று. பிழை யாதெனின், திரிய வேண்டாத இடத்தில் திரிப்பதும், கெட வேண்டாத இடத்தில் கெடுப்பதுமே. பழைய வீடு ஒன்றோடு புதிய கட்டடம் சேரும்போதும் இவ்வகைகளே நிகழ்கின்றன என்பது என் கருத்து. எடுத்துக்காட்டுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

அதற்குமுன் ஒரு வினா. வீடாக இருந்ததைச் சித்திரசாலை ஆக்கும்போது ஏன் புதிய பகுதி தேவைப்படுகின்றது? வீடு வாழ்வதற்கென்று கட்டப்பட்டது. அதற்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். ஆதலின் யன்னல்கள் மிகுதி. சித்திரத்துக்கோ யன்னலற்ற சுவரும் அளவான ஒளியும் வேண்டும். நீர்வர்ணச் சித்திரங்களுக்கும் கடதாசியில் வரைந்தவற்றுக்கும் 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி கூடாது என்பதும், எண்ணெய்வர்ணச் சித்திரங்கள் 200 லக்ஸ் வரை தாங்கும் என்பதும் நூதனசாலையார் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவுகள். நமது விறாந்தையிலே நண்பகலில் விழும் ஒளி இவற்றிலும் பன்மடங்கு பெரியது. மேலும், பத்துப் பேர் வாழ்ந்த வீட்டில் நூறு பேர் ஒரே வேளையில் நுழைவர். அவர்களுக்கு அகன்ற படி வேண்டும், முதியோருக்கு மின்தூக்கி வேண்டும், தீப்பற்றினால் வெளியேற வேறு வழி வேண்டும், காட்சியில் வையாத பொருள்களுக்குக் களஞ்சியம் வேண்டும், கழிப்பறையும் வேண்டும். இவை எல்லாவற்றையும் பழைய அறைகளுக்குள்ளேயே திணித்தால் வீடும் கெடும், சித்திரமும் கெடும். ஆகவே புதிய கூடம் சேர்ப்பது ஆடம்பரமன்று. பல வேளைகளில் பழைய மனையைக் காப்பதற்கே அது வேண்டப்படுகின்றது.

தில்லி மாநகரில் இந்தியா கேற்றை அடுத்து ஜெயப்பூர் மாளிகை என்றொரு கட்டடம் உண்டு. ஜெயப்பூர் மகாராசாவின் தலைநகர் வாசத்துக்கென புளொம்பீல்ட் என்னும் ஆங்கிலக் கட்டடக்கலைஞர் வகுத்தது. 1936ஆம் ஆண்டில் எழுந்தது. நடுவே குவிமாடமும், இருபுறமும் விரிந்த சிறகுகளுமாக, மேலிருந்து நோக்குவார்க்கு வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும் அமைப்பினது. சுதந்திரத்தின் பின்னர் மகாராசாக்களின் காலம் முடிந்தது. மாளிகை அரசாங்கத்திடம் வந்தது. 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் நாள் அது தேசிய நவீன சித்திரசாலையாகத் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போது உபசனாதிபதியாக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள். திருத்தணியிலே பிறந்த தத்துவப் பேரறிஞர். பிரதமர் நேரு அவர்களும் உடனிருந்தார்.

அச்சித்திரசாலையின் முதற்செல்வங்களுள் தலையாயவை அம்ரிதா சேர்கில் (1913–1941) என்னும் பெண்மணியின் ஓவியங்கள். இருபத்தெட்டு வயதிலேயே மறைந்த அவ்வம்மையார் தென்னாட்டில் யாத்திரை செய்து திரும்பி, 1937ஆம் ஆண்டில் தென்னிந்திய வாழ்வைப் பற்றிய மூன்று பெரிய ஓவியங்களை வரைந்தார். மணப்பெண்ணின் அலங்காரம், பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் என்பன அவை. சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அதனை ஆக்கிய தேவிபிரசாத் ராய் சௌத்திரியின் அதே படைப்பு தில்லி மாளிகையின் புற்றரையிலும் நிற்கின்றது.

ஆண்டுகள் செல்லச் செல்லப் படைப்புகள் பெருகிப் பதினேழாயிரத்தைக் கடந்தன. மகாராசாவின் விருந்தறைகள் எத்தனையைத் தாங்கும்? பெரும்பகுதி களஞ்சியத்திலேயே கிடந்தது. ஈற்றில், 2009ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் புதிய பகுதி திறக்கப்பட்டது. பழைய காட்சியிடத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இடத்தை அது கூட்டியது என்றால் அதன் பருமையை உணரலாம். பேச்சு மண்டபம், நூல்நிலையம், பழுதுபார்க்கும் ஆய்வுகூடம், சிற்றுண்டிச்சாலை யாவும் அதனுள் அடங்கும். ஆறு மடங்கு பெரிய கட்டடத்தைப் பழைய மனையின் தலைமேலோ முகத்தின் முன்னோ வைத்திருந்தால் வண்ணத்துப்பூச்சி நசுங்கியிருக்கும். அவர்கள் அதனைப் பின்புறத்தே விலக்கிவைத்தனர். முன்வாயிலால் வருபவன் இன்றும் முதலிற் காண்பது குவிமாடத்தையே. பொன்மலை போன்ற இயல்புப் புணர்ச்சி என்று இதனைச் சொல்லலாம். சேர்ந்தும் தத்தம் வடிவில் நிற்கின்றன.

அதே ஆண்டு பெப்புருவரியில் பெங்களூரில் இதன் கிளை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வாய்த்த மனைக்கும் நமக்கும் பெயரளவிலேனும் உறவு உண்டு. அது மாணிக்கவேலு மாளிகை. சுரங்கத் தொழிலிற் பொருளீட்டிய மாணிக்கவேலு முதலியார் வாழ்ந்த வீடு. அங்கேயும் புதிய கூடம் பழைய வீட்டின் முகத்தை மறைக்காமல், வளவிலிருந்த பெருமரங்களுக்கு மதிப்பளித்து அமைக்கப்பட்டது. மரத்தை எண்ணிய பின் சுவரை எண்ணியவரை நான் பாராட்டுவேன். மரம் வெட்டிய இடத்தில் மறுநாளே மரம் வைக்கலாம். நிழலை வைக்க முடியாது.

இனி, உடம்படுமெய்க்கு ஓர் உதாரணம். இரண்டு உயிர்கள் நேரே சேரமாட்டா. இடையே யகரமோ வகரமோ வந்து அவற்றை உடம்படுத்தும். மணியும் அழகும் சேர்ந்து மணியழகு ஆவது இதனால். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இசபெல்லா ஸ்ரூவட் காட்னர் என்னும் செல்வச் சீமாட்டி தாம் திரட்டிய கலைப்பொருள்களுக்கென ஒரு மாளிகை கட்டி, அதன் மேல்மாடியிலே தாமும் வாழ்ந்தார். 1903ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற மரணசாதனம் கடுமையானது. தாம் வைத்த பொருளை வைத்த இடத்திலிருந்து மாற்றக்கூடாது. மாற்றினால் சொத்து முழுவதும் ஹாவட் சர்வகலாசாலைக்குப் போகும் என்பது அதன் நிபந்தனை. எவ்வளவு தூரம் இந்நிபந்தனை காக்கப்பட்டதெனின், 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கள்வர் புகுந்து பதின்மூன்று படைப்புகளைக் கவர்ந்து சென்ற பின்பு, ஓவியமற்ற வெறுஞ்சட்டங்கள் அவ்வவ்விடத்திலேயே இன்றும் தொங்குகின்றன.

அத்தகைய மனையோடு எதனைச் சேர்ப்பது? ஆயினும் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. கச்சேரி நடந்ததும் பழைய அறையில்; உணவு விற்றதும் பழைய அறையில்; கூட்டத்தின் மிதிப்பும் மூச்சும் பல நூற்றாண்டுத் துணிச்சித்திரங்களின் மேல் விழுந்தன. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, இத்தாலியரான ரென்சோ பியானோ என்னும் கட்டடக்கலைஞரைக் கொண்டு புதிய கட்டடம் எழுப்பினர், 2012இல் திறந்தனர். பழைய மாளிகையை ஒட்டாமல், எட்ட நின்ற அக்கட்டடத்தை இணைப்பது ஒரு கண்ணாடி நடைவழி மாத்திரமே. அதுவே உடம்படுமெய். ஆயினும் குறையே இல்லை என்று சொல்லேன். புதிய கட்டடத்துக்கு இடம் விடுவதற்காக, அம்மையார் காலத்து வண்டிக் கொட்டில் ஒன்று இடிக்கப்பட்டது. அதனைக் காக்க வேண்டுமென்று வாதாடியோரும் இருந்தனர். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கின்றேன்.

நியூயோர்க் நகரத்து ஹென்றி பிரிக்கின் மாளிகை வேறு கதை. 1914இல் முடிந்த வீடு, 1935இல் சித்திரசாலையாயிற்று. அதற்கென ஜோன் றசல் போப் சேர்த்த பகுதிகள் பழைய வீட்டின் நடையிலேயே அமைந்தமையால் எது பழையது, எது புதியது என்று அறியாமலே பலர் உலாவினர். இது திரிதல். 2014இல் வெளியிடப்பட்ட திட்டமொன்று றசல் பேஜ் என்பார் அமைத்த சிறு தோட்டத்தை அழித்து மாடிக்கட்டடம் எழுப்ப முனைந்தது. நகரமக்கள் எதிர்த்தனர், அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. பின்பு அனபெல் செல்டோர்வ் என்னும் பெண்மணி வேறு திட்டம் வகுத்தார். தோட்டத்தைக் காத்து, பேச்சு மண்டபத்தை அதன் கீழே நிலத்தினுள் அமைத்தார். பிரிக் குடும்பத்தார் வாழ்ந்த மேல்மாடி அறைகள் முதன்முறையாக மக்களுக்குத் திறக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் அச்சாலை மீண்டும் கதவு திறந்தது. சிறியதொரு தோட்டத்துக்காக ஒரு பெருநகரம் வழக்காடியதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

டென்மார்க்கு நாட்டில் லூசியானா என்றொரு சித்திரசாலை உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பழைய கிராமவீடு ஒன்றிலிருந்து தாழ்வாரம் தாழ்வாரமாகக் கடலை நோக்கி 1958 முதல் வளர்ந்தது. வீட்டை முதலிற் கட்டியவர் மூன்று முறை மணந்தார் என்றும், மூன்று மனைவியரின் பெயரும் லூயிஸ் என்றும், அதனாலேயே வீட்டுக்கு அப்பெயர் வந்ததென்றும் சொல்வர். மாணவர் நகைப்பதற்காக இதனை ஈண்டுச் சேர்த்தேன்.

கெடுதலுக்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கொழும்பிலே லயனல் வென்ட் (1900–1944) என்னும் புகைப்படக் கலைஞர் வாழ்ந்த வீட்டிலேதான் 1943ஆம் ஆண்டு ஓவியர் குழு ஒன்று கூடியது. 43ஆம் குழு என்று புகழ்பெற்றது அதுவே. அவர் மறைந்த பின்பு அவ்வளவிலே அவர் பெயரால் நாடக அரங்கும் சித்திரக்கூடமும் எழுந்தன. அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. வீடு இல்லை. அரங்கினால் நாடு பெற்ற நன்மை பெரிது; அதனை மறுப்பார் இல்லை. ஆயினும் அக்குழுவினர் கூடிய அறை எப்படி இருந்தது என்று ஒரு மாணவன் கேட்டால், சென்று காண் என்று சொல்ல இடமில்லை. இதற்கு மறுதலையாக, குழுவின் உறுப்பினரான ஹரி பீரிஸ் வாழ்ந்த பாண்ஸ் பிளேஸ் மனை அப்படியே சித்திரசாலையாகி, அக்குழுவினரின் ஓவியங்களைத் தாங்கி நிற்கின்றது. சுவரிலே தொங்கும் ஓவியத்தை வரைந்தவரும் அதே கூரையின் கீழ் இருந்து பேசியவரே என்னும் உணர்ச்சி அங்கே செல்பவனுக்கு உண்டாகும்.

நமது கரையிலும் ஒன்று சொல்லவேண்டும். காரைதீவிலே விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டில் பிறந்த சிறுமனை போற்றப்படுகின்றது. அவர் பெயரால் மணிமண்டபமும் அங்கே உண்டு. யாழ்நூலின் ஆசிரியர் எவ்வளவு சிறிய கூரையின் கீழ் பிறந்தார் என்பதை அம்மனையைக் கண்டே உணரலாம். மனையை இடித்து அதே இடத்தில் மண்டபம் எழுப்பியிருந்தால் அவ்வுணர்ச்சிக்கு வழியில்லை.

இனி, என் அச்சத்தின் காரணத்துக்கு வருகின்றேன். நமது கிழக்குக் கரையில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்வது. ஒரு மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய், அதே வளவில் இன்னொரு வீட்டையோ சாய்ப்பையோ கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். ஆகவே பழையதோடு புதியதைச் சேர்ப்பது நமக்குப் புதிய வித்தையன்று. வரிப்பத்தான்சேனையில் எங்கள் தாய்வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. இறக்காமக் குளத்துக் காற்று நேரே வந்து புகும் விறாந்தையும், கருங்காலி நிலைகளும் உடையது. என் தங்கைக்கு மணம் பேசியபோது அறை ஒன்று கூடுதலாக வேண்டியிருந்தது. வீட்டுக்கு மூத்த ஆண்மகன் என்ற முறையில் பொறுப்பு என்னுடையது. நான் படித்தவன், பயிற்றப்பட்ட ஆசிரியன், யாரையும் கேட்கவில்லை. பழைய சுவரோடு ஒட்டிக் கொங்கிறீற்றுக் கூரையுடைய அறையைக் கட்டுவித்தேன். பழைய சுவர் பார்வைக்குக் குறையாயிருந்தமையால், அதன் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசச் செய்தேன்.

"மகன், அந்தச் சுவர் மூச்சு விடுற சுவர். அதை மூடாதீங்க" என்று உம்மா சொன்னார். அது அறியாப் பேச்சு என்று நான் நினைத்தேன்.

மூன்று மாரி கழிந்தன. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை வெளிவிட்டு உலர்வது. சீமெந்துப் பூச்சு அவ்வழியை அடைத்துவிட்டது. ஈரம் மேலேறியது, உப்புப் பூத்தது, பூச்சுப் பாளம்பாளமாக விழுந்தது. புதிய அறையின் அத்திவாரம் வேறு, பழையதன் அத்திவாரம் வேறு. வயல்மண்ணிலே புதியது சிறிது இறங்கியது. இரண்டும் ஒட்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அவ்வெடிப்பின் வழியே இறங்கிய மழைநீர் விறாந்தை உத்தரத்தின் தலையை உக்கச் செய்தது; கறையான் எஞ்சியதைத் தின்றது. விறாந்தையை இறக்கவேண்டியதாயிற்று. உம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே இன்றுவரை எனக்குச் சுமை.

கற்றோரும் பெரிய நிலையங்களும் இதே பிழையைச் செய்ததுண்டு. சென்னை எழும்பூர் அரும்பொருட்சாலை, ஒரு காலத்தில் தோட்டமனையாக இருந்த பாந்தியன் வளவுக்கு 1854இல் குடிபெயர்ந்து, பின்பு பல கட்டடங்களாகப் பெருகியது. அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கற் சிற்பங்களை 1880களில் அதன் சுவரிலே சீமெந்து கொண்டு பதித்துவிட்டனர். காட்சிக்கு அழகாயிருந்திருக்கும். ஆனால் ஈரமும் உப்பும் கல்லிலே ஊறின. ஒருநூற்றாண்டின் பின்னர் அவற்றைப் பெயர்த்தெடுத்துக் காக்கப் பெரும்பாடு படவேண்டியதாயிற்று. பழுதுபட்டால் மீளக் கழற்றக்கூடியவாறு சேர்க்க வேண்டும் என்று இக்காலத்துக் காப்புக்கலையார் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. 1964ஆம் ஆண்டில் வெனிசு நகரில் கூடிய கட்டடக்கலைஞர் வகுத்த சாசனமும், பழங்கட்டடத்துக்குப் பயனுள்ள புதுத்தொழில் கொடுப்பது நன்றென்றும், அதற்காக அதன் அமைப்பை மாற்றலாகாதென்றும், சேர்ப்பவை அதன் சிறந்த பகுதிகளையும் சூழலையும் குலைக்கலாகாதென்றும் கூறுகின்றது.

ஆகவே, சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் சில. அதிபர் மனையின் முன்விறாந்தையில் கை வைக்காதீர்கள். இருமாடிக் கட்டடம் வேண்டுமாயின் மனைக்குப் பின்னே, கிணற்றடிக்கு அப்பால், குறைந்தது பதினைந்து அடி விலகி எழட்டும். அதன் கூரைமுகடு பழைய முகட்டுக்கு மேலே வாயிலிலிருந்து தெரியாதிருக்கட்டும். இடையே ஓட்டுக்கூரை வேய்ந்த திறந்த நடைவழி ஒன்று போதும். அது பழைய சுவரைத் தொடாமல் தன் தூண்களிலே நிற்கட்டும். குளிரூட்டும் பொறியும் களஞ்சியமும் கழிப்பறையும் புதிய கட்டடத்துக்கே உரியன. நீர்த்தொட்டி எதனையும் பழைய சுவரின் மேல் ஏற்றலாகாது. ஒளிக்கு அஞ்சும் சித்திரங்களைப் புதிய கூடத்தில் வைத்து, மனையின் அறைகளில் மரப்பொருள்களையும் பித்தளைப் பாத்திரங்களையும் மருதமுனை நெசவையும் பழைய அதிபர்களின் மேசை நாற்காலிகளையும் வைக்கலாம். புதிய கட்டடம் பழையதைப் போல வேடமிட வேண்டா. பொய்த்தூணும் பொய்வளைவும் வைத்தால் ஐம்பதாண்டின் பின் வரும் மாணவன் எது மெய்யென்று அறியாது மயங்குவான். இக்கருத்தை ஒப்பாதவர் சங்கத்திலே உளர் என்று கேள்வி. அவர்கள் பிரிக் மாளிகையைக் காட்டி என்னை மறுக்கலாம். மறுப்பைக் கேட்க ஆயத்தமாயிருக்கின்றேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலை உண்டு. அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பேரையும் அளவு நாடாவையும் தாருங்கள். இரண்டு சனிக்கிழமைகளில் மனையின் ஒவ்வோர் அறையையும், நிலையையும், யன்னலையும், உத்தரத்தையும் அளந்து வரைந்துவிடுவோம். எந்தச் சுவர் சுண்ணாம்பு, எந்தச் சுவரில் முன்னொருகால் சீமெந்து பூசினார்கள் என்று குறித்துக்கொள்வோம். மாரி தொடங்குமுன் ஒருமுறையும், கார்த்திகை மழையின் நடுவே ஒருமுறையும் சுவரின் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகின்றது என்று கரிக்கோடு இட்டுப் பார்ப்போம். அந்தக் கோட்டைக் கட்டடக்கலைஞர் கண்ட பின்பு வரைபடம் வரையட்டும்.

தாய்வீட்டின் விறாந்தையிலிருந்து இறக்கிய கருங்காலி நிலை ஒன்று தங்கையின் வீட்டுச் சாய்ப்பில் இன்றும் சார்த்தி வைக்கப்பட்டுள்ளது. அதன் அகலம் மூன்றடி நான்கு அங்குலம். அதிபர் மனையில் உக்கிப்போன பின்கதவின் அகலத்தைச் சென்ற மாதம் நானே அளந்தேன், அதுவும் அவ்வளவே. சங்கத்தார் விரும்பினால் நிலையைத் தரத் தங்கை சம்மதித்திருக்கின்றாள்.